ஆகாயத்தாமரையால் கழிவுநீரில் குரோமியத்தைக் குறைப்பது எப்படி? பிளேட்டிங் பட்டறைக்கான முழு வழிகாட்டி

குரோமியமும் ஈயமும் காட்மியமும் தனிமங்கள். சாக்கடை நீரில் இருக்கும் அழுக்கைப் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும்; இவற்றை எந்த உயிராலும் தீர்க்க முடியாது. நீர்ச்செடி செய்வதெல்லாம் இடமாற்றம்தான். தண்ணீரில் இருந்த உலோகம் வேருக்குப் போகிறது. செடியை நீங்கள் வெளியே எடுத்தால் உலோகமும் வெளியே வரும். எடுக்காமல் விட்டால் செடி அழுகி, வாங்கியதை அப்படியே தண்ணீருக்கும் சேற்றுக்கும் திருப்பித் தந்துவிடும். ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரை, ஆங்கிலத்தில் வாட்டர் ஹயசின்த்) மண்டிக் கிடக்கும் நகரத்து ஏரிகள் சுத்தமாகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் கடைசிக் கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள்: உலோகம் ஏறிய செடியை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் கிடைக்கும்வரை குளம் வெட்ட வேண்டாம்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். கோவையில் தெருவுக்குத் தெரு பார்க்கக்கூடிய மாதிரி ஒரு சிறிய குரோம் பிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறை. நாளுக்கு 1,000 லிட்டர் ரின்ஸ் தண்ணீர், அதாவது பூச்சுப் போட்ட பொருட்களை அலசிய தண்ணீர் வருகிறது. உங்கள் அளவு வேறாக இருந்தால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இது எங்கெல்லாம் நடந்திருக்கிறது

1970களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருந்த நாசா மையத்தில் வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி ஆகாயத்தாமரையை வைத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சோதனைகளை நடத்தினார். ஈயம், பாதரசம் ஆகியவற்றைச் செடி எடுப்பதை 1975 வாக்கிலேயே அவருடைய குழு எழுதிவைத்தது. நம் நாட்டில் கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலத்தைச் சொல்லலாம். ஏறக்குறைய 12,500 ஹெக்டேர் பரப்பு, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே நகரச் சாக்கடை நீரில் மீன் வளர்ப்பவர்கள் குளத்தின் கரையோரமாக ஆகாயத்தாமரையை வேலிபோல் கட்டி வைத்திருப்பார்கள். அலை கரையை அரிக்காமல் தடுப்பதோடு, உலோகத்தையும் அது ஓரளவு பிடித்துக்கொள்கிறது.

குரோமியத்துக்கு இந்தச் செடி பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குரோமியத்தில் கொடியது ஹெக்ஸா குரோம் எனப்படும் மஞ்சள் நிற வடிவம்; புற்றுநோய் தரக்கூடியது. ஆகாயத்தாமரையின் மெல்லிய பக்கவேர்கள் அதை, நச்சு குறைந்த டிரைவேலன்ட் குரோமியமாக மாற்றிவிடுகின்றன என்பதை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர் முறையில் கண்டு 1998இல் வெளியிட்டார்கள். அதை நம்பி ஹெக்ஸா குரோமை நேராகக் குளத்தில் விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

படி 1: தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்தக் குரோமியம், ஹெக்ஸா குரோம், நிக்கல், துத்தநாகம், தாமிரம், சயனைடு, பிஹெச் (அமில, கார அளவு), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), எண்ணெய் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மொத்த உலோகத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச்சை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். ஹெக்ஸா குரோமுக்கான பாட்டிலில் அந்த அமிலம் விடவே கூடாது. அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். ஆக, இரண்டு பாட்டில், இரண்டு முறை. பட்டறையிலேயே தினமும் பார்க்க டைஃபீனைல் கார்பசைடு கிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹெக்ஸா குரோம் இருந்தால் தண்ணீர் ஊதா நிறமாக மாறும்.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கு இந்தியாவில் உள்ள பொது வரம்பு: மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஹெக்ஸா குரோம் 0.1, நிக்கல் 3, துத்தநாகம் 5, தாமிரம் 3, ஈயம் 0.1, பிஹெச் 5.5 முதல் 9 வரை. குடிநீருக்கான மொத்தக் குரோமிய வரம்பு 0.05. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தக் குளத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் எந்நாளும் குடிநீர் ஆகாது, கிணற்றடிக்கும் வேண்டாம்.

படி 2: இந்தச் செடி உங்களுக்கு ஏற்றதா?

முதலில் டிடிஎஸ் பாருங்கள். ஆகாயத்தாமரைக்கு உப்பு ஆகாது. லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டினாலே வளர்ச்சி தளரும்; 6 முதல் 8 கிராமில் செத்துப்போகும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் கழிவுநீரில் குரோமியத்தைவிட உப்புதான் பெரிய தலைவலி. அங்கே இந்தச் செடியைப் போடுவது வீண். உப்பு அதிகமுள்ள இடத்தில் நாணலும் சம்பும் தாக்குப்பிடிக்கும். அவற்றைச் சரளைக்கல் படுகையில் நட்டு, தண்ணீரைக் கல்லுக்கு அடியில் ஓடவிட வேண்டும். அந்த முறையில் உலோகத்தின் பெரும்பங்கு தண்டிலும் இலையிலும் ஏறாமல் வேரைச் சுற்றிய படிவிலும் சரளையிலும் தங்கும். அடிக்கடி அறுவடை இல்லை. ஆனால் ஒருநாள் சரளை முழுவதையும் அள்ள வேண்டிவரும்.

அசோலாவைப் பலரும் கேட்கிறார்கள், மாட்டுத்தீவனமாக ஏற்கெனவே வளர்த்துப் பழகியதால். உலோகத்தை அது நன்றாகவே பிடிக்கும். தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் கடும் கோடையில் வாடிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து: வேலைக்கு வரும் யாராவது ஒருவர் பழக்கதோஷத்தில் ஒரு கூடை அள்ளி மாட்டுக்குப் போட்டுவிடுவார். அதனாலேயே பட்டறைகளுக்கு அசோலாவை நான் பரிந்துரைப்பதில்லை. லெம்னா என்ற பொடி இலைப் பாசி காட்மியத்துக்குக் கெட்டிக்காரச் செடி. 1998இல் வந்த ஒரு ஆய்வில் ஒரு கிலோ உலர்ந்த லெம்னாவில் 13.3 கிராம் காட்மியம் வரை ஏறியது, குரோமியம் 2.87 கிராம், ஈயமோ 0.63 கிராம்தான். ஒரே செடி எல்லா உலோகத்தையும் ஒரே மாதிரி எடுக்காது என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

படி 3: ரசாயன வேலையை முதலில் முடியுங்கள்

செடி கடைசிக் கட்டத்துக்கானது. ரின்ஸ் தண்ணீர் 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) குரோமியத்தோடு மஞ்சளாக வந்தால் அதில் வேர் கருகிவிடும். வழக்கமான முறையை விட்டுவிடாதீர்கள்: பிஹெச்சை 2 முதல் 3க்குக் கொண்டுவந்து சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டுக் கலக்கினால் மஞ்சள் மறைந்து பச்சை வரும். பிறகு சுண்ணாம்பு அல்லது காஸ்டிக் சேர்த்து பிஹெச்சை 8 முதல் 9க்கு உயர்த்தினால் குரோமியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு அடியில் படியும். தெளிந்த நீரை எடுத்து, பிஹெச்சை ஏழுக்குப் பக்கமாகக் கொண்டுவந்த பிறகுதான் குளம்.

ஒரு எச்சரிக்கை, இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம்: அதே பட்டறையில் துத்தநாகத்துக்கோ தாமிரத்துக்கோ சயனைடு பாத் (சயனைடு கலந்த பூச்சுத் தொட்டி) ஓடினால் அந்தத் தண்ணீர் இந்த அமிலத் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். ஆள் உயிருக்கே ஆபத்து. சயனைடு நீரைத் தனிக் குழாயில் எடுத்து, காரநிலையில் ஹைப்போகுளோரைட் போட்டுத் தனியாகச் சிதைக்க வேண்டும்.

படி 4: கணக்குப் போடுங்கள்

பத்து நாளில் 95 சதவீதம் குரோமியம் நீங்கியது என்று கல்லூரிப் புராஜெக்ட் அறிக்கைகளில் பார்த்திருப்பீர்கள். பொய்யில்லை. இருபது லிட்டர் டப்பில் 5 பிபிஎம் தண்ணீரை ஊற்றினால் மொத்தமே 100 மில்லிகிராம் உலோகம். அதில் இரண்டு கிலோ செடியைப் போட்டால் ஏன் நீங்காது? பட்டறையில் தண்ணீர் தினமும் வருகிறது. சதவீதத்தை மறந்துவிட்டு கிராமில் யோசியுங்கள்.

நம் உதாரணத்தில், படிய வைத்த பிறகும் மெல்லிய துகள்கள் தப்பி, தண்ணீரில் 2.5 பிபிஎம் மொத்தக் குரோமியம் நிற்கிறது என்று வைப்போம். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். இதை 1 பிபிஎம் ஆக்க வேண்டுமானால் நாளுக்கு 1.5 கிராமைச் செடி எடுக்க வேண்டும்.

சத்து கிடைத்தால் நம் வெயிலில் ஆகாயத்தாமரை ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 20 கிராம் உலர் எடை அளவுக்கு வளரும் என்று கொள்ளலாம். ஒரு கிலோ உலர்செடி ஒரு கிராம் குரோமியத்தைப் பிடிக்கும் என்று, கொஞ்சம் அடக்கியே வைப்போம். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் நாளுக்கு 0.02 கிராம் எடுக்கும். 1.5 கிராமுக்கு 75 சதுர மீட்டர், ஏறத்தாழ 2 சென்ட் இடம்.

இதே கணக்கை 50 பிபிஎம் உள்ள, சுத்திகரிக்காத கழிவுநீருக்குப் போட்டுப் பாருங்கள்: 2,450 சதுர மீட்டர், ஏறத்தாழ 60 சென்ட். தொழிற்பேட்டையில் 60 சென்ட் நிலம் வைத்திருப்பவர் பிளேட்டிங் பட்டறை நடத்த வேண்டிய அவசியமே இருக்காது. ரசாயனச் சுத்திகரிப்பைத் தவிர்க்க முடியாது என்று சொன்னது இதனால்தான்.

படி 5: டப்பில் சோதனை

மேலே வைத்த "ஒரு கிலோவுக்கு ஒரு கிராம்" என்பது என் ஊகக்கணக்கு. உங்கள் தண்ணீருக்கு உரிய எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். 100 லிட்டர் டப் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் தண்ணீரும் செடியும், இரண்டாவதில் நல்ல தண்ணீரும் செடியும், மூன்றாவதில் உங்கள் தண்ணீர் மட்டும். மூன்றாவது டப்பைப் பலரும் வைப்பதில்லை. செடியே இல்லாமல் அடியில் படிந்து குறையும் குரோமியம் எவ்வளவு என்று அதுதான் காட்டும். அதையும் செடியின் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

டப்பில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு, குறையக் குறைய மழைநீரையோ டிஸ்டில்ட் வாட்டரையோ ஊற்றிக் கோட்டில் நிறுத்துங்கள். மூன்று வாரம் கழித்துச் செடியை எடுத்து, வேர் தனி, இலை தனியாக உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வேரில் இலையைவிடப் பல மடங்கு இருக்கும். அது நல்லதுதான், அறுவடையில் வேரைத் தவறவிடாத வரைக்கும்.

படி 6: குளம்

ஆழம் அரை மீட்டர் போதும். வேர் எட்டாத ஆழத்தில் ஓடும் தண்ணீரைச் செடி தொடாது. அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் காலிக்கரை விடுங்கள், ஐப்பசி மழைக்கு. பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் ஹெச்டிபிஇ ஷீட்டை, கூர்மையான கல் இல்லாமல் மணல் பரப்பி அதன்மேல் விரியுங்கள். நிலத்தடி நீருக்கு இறங்கவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

ஒரே பெரிய குளமாக வெட்டாமல் வரிசையாக மூன்று அறைகளாகப் பிரியுங்கள். முதல் அறையில்தான் உலோகம் அதிகம் ஏறும், செடியும் அங்கேதான் முதலில் அடிவாங்கும். ஒரு அறையைக் காலி செய்யும்போது மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து எதிர் முனையில் வெளியேற வேண்டும். வெளிக்குழாயில் நெருக்கமான சல்லடை கட்டாயம். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு ஓடையில் இறங்கினால் அடுத்த ஏரிக்கே சனியன் பிடித்துவிடும். அதன் விதை சேற்றில் 20 வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். சுற்றிலும் கம்பிவேலி போடுங்கள், ஆடு மாடு வாய் வைக்காமல் இருக்க.

கொசுவையும் யோசிக்க வேண்டும். மான்சோனியா என்ற கொசுவின் புழு மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து அதிலிருந்தே சுவாசிக்கும். மேலே எண்ணெய் தெளித்தால் சாகாது. யானைக்கால் பரப்பக்கூடிய இனம். செடிகளை அடிக்கடி அள்ளுவதே அதற்கும் மருந்து.

படி 7: செடியை இறக்குதல், சத்து கொடுத்தல்

சாக்கடை கலக்கும் நகரத்து ஏரியிலிருந்து செடி எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே வேறெங்கோ உலோகம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும். கிராமத்துக் குட்டையில் எடுத்து, வேரை நன்றாக அலசி, சதுர மீட்டருக்கு 5 கிலோ பச்சை எடை வீதம் இறக்குங்கள். முதல் வாரம் கால் பங்கு கழிவுநீர், மீதி நல்ல தண்ணீர்; அடுத்த வாரம் பாதி; பிறகு முக்கால், முழுசு.

பிளேட்டிங் தண்ணீரில் உலோகம் இருக்கும், உரம் இருக்காது. சாக்கடை நீரில் செழிக்கும் செடி இங்கே பட்டினி கிடந்து வளர்ச்சியை நிறுத்திவிடும். வளர்ச்சி இல்லையென்றால் புது வேர் இல்லை. புது வேர் இல்லையென்றால் உலோகம் ஏறாது. 75 சதுர மீட்டருக்கு நாளுக்கு 70 கிராம் யூரியாவும் 80 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் கரைத்து ஊற்றலாம். வாரத்தை மொத்தமாக ஒரே நாளில் கொட்டினால் பச்சைப்பாசி பிடிக்கும்.

தினமும் ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல நிலையில் வேர் இறகு மாதிரி அடர்ந்து, கருஊதா நிறத்தில் சொட்டச் சொட்ட வரும். உலோகம் மிஞ்சினால் பக்கவேர்கள் உதிர்ந்து, மொட்டையாகக் கரிய குச்சிபோல் நிற்கும். விரலால் தடவினால் தோல் உரிந்து வரும். புது இலை மட்டும் நரம்பு பச்சையாக, நடுவில் மஞ்சளாக வந்தால் இரும்புச்சத்துக் குறை. பிஹெச் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஃபெரஸ் சல்ஃபேட் கொடுங்கள். பழைய இலை ஓரத்தில் கருகினால் டிடிஎஸ்ஸைப் பாருங்கள்.

படி 8: அளவிடுதல்

இங்கேதான் நிறைய பேர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். கோடையில் 75 சதுர மீட்டரிலிருந்து நாளுக்கு 8 மில்லிமீட்டர் ஆவியானால் 600 லிட்டர் போய்விடும். உள்ளே வந்தது 1,000 லிட்டரில் 2.5 கிராம். செடி தன் வேலையைச் சரியாகச் செய்து 1.5 கிராமை எடுத்துவிட்டது. மீதி 1 கிராம் 400 லிட்டரில் நிற்கிறது, அதாவது 2.5 பிபிஎம். ஆய்வக அறிக்கையைப் பார்த்தால் உள்ளேயும் 2.5, வெளியேயும் 2.5. செடி தண்டம் என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. நாளுக்கு 20 மில்லிமீட்டர் வீதம் தொடர்ந்து பெய்தால் குளத்தில் தினமும் 1,500 லிட்டர் சேரும். செடி ஒரு துளியும் எடுக்காவிட்டாலும் அன்றாடம் வரும் 2.5 கிராம் 2,500 லிட்டரில் கரைந்து போகப்போக 1 பிபிஎம் ஆகிவிடும். அறிக்கையில் 60 சதவீதம் குறைந்ததாக வரும்.

ஆகவே உள்ளே எத்தனை லிட்டர், வெளியே எத்தனை லிட்டர் என்பதை பக்கெட்டும் கடிகாரமும் வைத்தாவது தினமும் எழுதுங்கள். பிபிஎம்மை லிட்டரால் பெருக்கிக் கிராமாக்கினால்தான் உண்மை தெரியும். சட்டம் பார்ப்பது பிபிஎம்மைத்தான் என்பதால் கோடையில் வரும் 400 லிட்டரை வெளியே விடாமல் ரசாயனத் தொட்டிக்கே திருப்பி அனுப்புங்கள். கோடையில் உப்பும் இதேபோல் இரண்டரை மடங்கு ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்: லிட்டருக்கு 1,500 மில்லிகிராமில் நுழைந்த டிடிஎஸ் 3,750இல் நிற்கும், செடி தளர்ந்துவிடும். நுழையும்போதே 800க்குக் கீழே இல்லாத பட்டறைக்கு நாணல் படுகையே மேல்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த அனுமதியில் வெளியேற்றமே கூடாது என்று இருந்தால், செடிக்குளம் அதற்கு மாற்று ஆகாது. தொடங்கும் முன் வாரியத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 9: அறுவடையும் அதற்குப் பிறகும்

வாரம் ஒருமுறை அள்ளுங்கள். நம் கணக்குப்படி வாரத்துக்கு 210 கிலோ பச்சைச் செடி வரும். செடியின் எடையில் 95 சதவீதம் தண்ணீர். பழுத்ததையும் சாய்ந்ததையும் முதலில் எடுங்கள், முதல் அறையில் அதிகமாக எடுங்கள், முழுக்க மொட்டையாக்காதீர்கள். அரிவாளால் மேலே அறுப்பது வேண்டாம். வேரோடு தூக்கி, துளையுள்ள டிரேயில் குளத்தின் மேலேயே வடிய விட வேண்டும். உதறவும் கூடாது, உலோகம் ஏறிய மெல்லிய வேர்கள்தான் முதலில் உதிரும். ரப்பர் கையுறை, பூட்ஸ் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

காய வைக்கும் களத்துக்கு சிமென்ட் தரையும் கூரையும் வேண்டும். வடியும் தண்ணீர் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். காய்ந்த பிறகு வாரத்துக்குப் பன்னிரண்டு கிலோ தேறும். வருடத்துக்கு அரை டன்னுக்கு மேல் சருகு. அதில் இருக்கும் குரோமியம் அரைக் கிலோ சொச்சம்.

இந்தச் சருகை உரக்குழியில் போடக் கூடாது, மண்புழு உரத்துக்கும் ஆகாது, தீவனத்துக்கும் ஆகாது. சாண எரிவாயுக் கலனில் போட்டால் வாயு வரும், ஆனால் குரோமியம் கழிவுக்குழம்பில் தங்கி வயலுக்குப் போகும். ஆகாயத்தாமரை நாரில் கூடை, பாய் பின்னுவோர் உண்டு. அவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. எரிப்பது எல்லாவற்றிலும் மோசம். சாம்பலின் காரத்தில், காற்றுபட எரியும்போது டிரைவேலன்ட் குரோமியத்தில் ஒரு பங்கு மறுபடியும் ஹெக்ஸா குரோமாக மாறிவிடும். இத்தனை பாடுபட்டு அடக்கியதை ஒரு தீக்குச்சி அவிழ்த்துவிடும்.

பட்டறையின் ரசாயன ஸ்லட்ஜுக்கு (தொட்டியின் அடியில் படியும் சேறு) ஏற்கெனவே ஒரு வழி வைத்திருப்பீர்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும், அல்லது வாரிய அனுமதியோடு சிமென்ட் சூளைக்குப் போகலாம். உலர்ந்த செடியையும் அதே வழியில் சேர்த்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத மூட்டை, தேதி, எடை, அறை எண் எல்லாம் பதிவேட்டில் இருக்கட்டும். வாரியத்தின் அனுமதி இல்லாமல் மூட்டைகளை 90 நாளுக்கு மேல் பட்டறையில் சேர்த்து வைக்க விதி இடம் தராது.

வருடம் ஒருமுறை, மழைக்கு முன், ஒவ்வொரு அறையாகத் தண்ணீரை அடுத்த அறைக்கு மாற்றி, அடியில் படிந்த கரும்சேற்றை மரப்பலகையால் வழியுங்கள். மண்வெட்டி வைத்தால் ஷீட் கிழியும். உதிர்ந்த வேரும் தப்பி வந்த ஹைட்ராக்சைடும் சேர்ந்த சேறு அது. சில இடங்களில் செடியைவிடச் சேற்றில் குரோமியம் கூடுதலாக இருக்கும். அதையும் ஸ்லட்ஜ் மூட்டையோடு அனுப்பிவிட்டு, ஷீட்டின் ஒட்டுகளைச் சோதித்து, தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் மட்டம் பார்த்த பிறகு மறுபடி செடியை இறக்கலாம்.